ஒரு ரீடேக்கின் கணக்கு: ‘பிராட்வே மெலடி’யில் பாட்டும் படமும் பிரிந்த கதை

பாட்டில் குறையில்லை, படம்தான் சரியில்லை. 1929இல் வந்த ‘தி பிராட்வே மெலடி’ படத்துக்காக எடுத்த ஒரு நடனக் காட்சியைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். ஸ்டூடியோவின் தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பெர்க் சொன்னதன் சாரம் இதுதான். பொம்மைக் கல்யாணத்தைப் பற்றிய பாட்டு அது, ‘தி வெட்டிங் ஆஃப் தி பெயின்டட் டால்’ என்று பெயர். ஆட்களைக் கூட்டி, செலவு பார்க்காமல் எடுத்திருந்தார்கள். பார்த்தால் நாடகக் கொட்டகையில் உட்கார்ந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பது போலவே இருந்தது. சினிமாவாக இல்லை. திரும்ப எடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

மௌனப்பட காலமாக இருந்திருந்தால் இதில் பேச ஒன்றுமில்லை. ஆடுகிறவர்களைக் கூப்பிட்டு மறுபடி எடுத்துவிட்டுப் போவார்கள். ஆனால் பேசும்படம் வந்துவிட்ட பிறகு ரீடேக் என்றால் முழு வாத்தியக் குழுவும் மறுபடி வர வேண்டும். பாடகர் வர வேண்டும். ஒலிப்பதிவு ஆட்கள் மறுபடி முதலிலிருந்து மைக்கை வைத்து, அளவு பார்த்து, எல்லோரையும் வாயை மூடச் சொல்லி ஆரம்பிக்க வேண்டும். இதில் வாத்தியக்காரர்களின் சம்பளம் மட்டுமே ஒரு தனிச் செலவு.

ஸ்டூடியோவின் ஒலிப்பதிவுத் துறைத் தலைவர் டக்ளஸ் ஷியரர் அப்போது ஒன்று கேட்டாராம். ஒலி நன்றாகத்தானே பதிவாகியிருக்கிறது, அதை எதற்காக மறுபடி எடுக்க வேண்டும்? இருப்பதை ஒலிபெருக்கியில் போடுவோம், அவர்கள் அதற்கு ஆடட்டும், படத்தை மட்டும் புதிதாக எடுத்துச் சேர்த்துக்கொள்வோம்.

நமக்கு இது அன்றாடம் பார்க்கிற சங்கதி. ஏதாவது ஓர் ஆற்றங்கரையில் பாட்டு ஷூட்டிங் நடந்தால் படம் வெளிவருவதற்குள் அந்தப் பாட்டு ஊருக்கே மனப்பாடம் ஆகிவிடும். நாலு வரியை வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தேய்ப்பார்கள். அந்தப் பழக்கத்தின் வேரைத் தேடிப் போனால், இன்று நமக்குத் தெரிகிற தொடக்கங்களில் முக்கியமானது இந்த ரீடேக். எந்த நெருக்கடியில் இப்படி ஒரு யோசனை பிறந்தது, கலைஞரிடமிருந்து வராமல் செலவுக் கணக்கிலிருந்து ஏன் வந்தது, வந்த பிறகும் அதை வைத்துக்கொண்டு ஏன் சில வருஷம் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் இங்கே விஷயம்.

அன்றைய படப்பிடிப்பு அரங்கம்

1927 அக்டோபர் 6 அன்று வார்னர் பிரதர்ஸ் ‘தி ஜாஸ் சிங்கர்’ படத்தை நியூயார்க்கில் வெளியிட்டார்கள். அல் ஜோல்சன் பாடினார், நடுநடுவே நாலு வார்த்தை பேசினார், கூட்டம் அலைமோதியது. இந்தக் கதை எல்லோரும் அறிந்ததுதான். 1928 மே மாதத்தில் எம்.ஜி.எம்., பாரமவுண்ட், யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஆகிய மூன்றும் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஒலிக்கருவிகளுக்கு ஒப்பந்தம் போட்டன. எம்.ஜி.எம். கொஞ்சம் தாமதமாகவே பந்திக்கு வந்தது என்று சொல்ல வேண்டும். மௌனப்படத்தில் அவர்கள் ராஜா, அவசரம் என்ன என்ற நினைப்பு. ஒலித் துறையைக் கட்டி எழுப்பும் பொறுப்பு ஷியரரிடம் வந்தது. நடிகை நார்மா ஷியரரின் அண்ணன் அவர், நார்மாவோ தால்பெர்க்கின் மனைவி. ஆக, முதலாளிக்கு மைத்துனர். மைத்துனருக்குக் கொடுத்த வேலைதானே என்று யாராவது முணுமுணுத்திருந்தால், அந்த வாயை அவர் சீக்கிரமே அடைத்துவிட்டார். ஒலிப்பதிவுக்கென்று ஆஸ்கர் விருது ஏற்படுத்தியபோது முதல் விருதே இவர் துறைக்குத்தான், 1930இல் வந்த ‘தி பிக் ஹவுஸ்’ படத்துக்காக.

படம் எடுக்கும் இடம் எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஷியரரின் யோசனை எவ்வளவு பெரிய விடுதலை என்பது பிடிபடாது.

கேமரா ஓடும்போது கரகரவென்று சத்தம் போடும். மைக் அதையும் சேர்த்துப் பிடித்துவிடும். அதனால் கேமராவையும் கேமராக்காரரையும் சேர்த்து, ஒலி வெளியே போகாத ஓர் அறைப்பெட்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். முன்பக்கம் ஒரு கண்ணாடி, அதன் வழியாகப் படம் எடுக்க வேண்டும். அந்தப் பெட்டிக்கு ‘ஐஸ்பாக்ஸ்’ என்று கேலிப்பெயர். உள்ளே இருந்தவர் வெந்துபோய் வெளியே வருவார். நேற்றுவரை தண்டவாளத்தில் ஓடி, மாடிப்படி ஏறி, ஊஞ்சலில் தொங்கிய கேமரா, ஒரே வருஷத்தில் கூண்டில் அடைபட்டது.

விளக்கும் மாறியது. பழைய கார்பன் ஆர்க் விளக்குகள் ரீங்காரம் போடும் என்று அவற்றை ஒதுக்கிவிட்டு, சத்தமில்லாத இழை விளக்குகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றின் சூடு தாங்க முடியாதது. மைக்கோ எங்கே இருக்கிறதோ அங்கேயேதான் இருக்கும். பூச்சாடிக்குள், மேஜை விளக்குக்குப் பின்னால் என்று அதை ஒளித்து வைப்பார்கள். நடிகர் அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு பேச வேண்டும், அடுத்த பூச்சாடி வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது.

இதில் பாட்டு வேறு என்றால்? ஆடுவது, பாடுவது, வாசிப்பது மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நடக்க வேண்டும். வாத்தியக் குழு கேமராவின் கண்ணில் படாமல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். மூன்றாவது நிமிஷத்தில் ஒருவர் கால் இடறினால் முதலிலிருந்து எல்லாம். ஒலியை நடுவில் வெட்டி ஒட்டுவது பெரும்பாடு என்பதால், ஒரே ஆட்டத்தை ஒரே நேரத்தில் பல கேமராக்கள் எடுக்கும். பல பெட்டிகள், பல கண்ணாடிகள், எல்லாமே தூரத்திலிருந்து. தால்பெர்க்குக்குக் காட்சி மேடை நாடகம் போலத் தெரிந்ததற்கு இயக்குநர் ஹாரி போமண்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அந்த ஏற்பாட்டில் வேறு எப்படியும் எடுக்க வழியில்லை.

(1931இல் பம்பாயில் ‘ஆலம் ஆரா’ எடுத்தபோது ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் ரயில் ஓடுகிறது என்று ராத்திரியில்தான் பெரும்பாலும் எடுத்தார்கள், வாத்தியக்காரர்களையும் சட்டகத்துக்கு வெளியே ஒளித்துவைத்தார்கள். தொல்லை எல்லா ஊரிலும் ஒரே ரகம்தான்.)

படம் எப்படிப்பட்டது

‘தி பிராட்வே மெலடி’யின் கதை ரொம்பச் சின்னது. ஹாங்க், குவீனி என்று இரண்டு சகோதரிகள். ஊர் ஊராக ஆடிவிட்டு நியூயார்க்கில் பேர் வாங்க வருகிறார்கள். அக்காவுக்கு நிச்சயமான பாட்டுக்காரன் எட்டிக்குத் தங்கைமேல் மனம் போய்விடுகிறது. அக்காவாக பெஸ்ஸி லவ், தங்கையாக அனிதா பேஜ், எட்டியாக சார்லஸ் கிங். பாட்டுகளில் பெரும்பாலானவை நேசியோ ஹெர்ப் பிரவுன் மெட்டு, ஆர்தர் ஃப்ரீட் வரிகள்.

இன்று உட்கார்ந்து பார்த்தால் பாதிக்கு மேல் பொறுமை சோதிக்கும். வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவில் ஒரு லாரி போகலாம், அவ்வளவு இடைவெளி. ஆனால் தொடக்கக் காட்சியை விட்டுவிடக் கூடாது. பாட்டுப் பிரசுர நிறுவனம் ஒன்றின் அலுவலகம். ஒவ்வோர் அறையிலும் ஒரு பியானோ, ஒவ்வொருவர் ஒவ்வொரு பாட்டைப் பழகுகிறார்கள், எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து சார்லஸ் கிங் பாடும் தலைப்புப் பாட்டு மேலே எழுகிறது. காதால் யோசித்து எடுத்த காட்சி அது.

இன்னோர் இடம். தங்கை காரில் கிளம்பிப் போகிறாள். கார் திரையில் வருவதே இல்லை. கதவு அறையும் சத்தமும் வண்டி நகரும் சத்தமும் மட்டும் கேட்கின்றன. நாம் பார்ப்பது ஜன்னலில் நிற்கும் அக்காவின் முகத்தை. பிரெஞ்சு இயக்குநர் ரெனே கிளேர், பேசும்படத்தின்மேல் நிறையச் சந்தேகம் வைத்திருந்தவர், 1929இல் எழுதிய கட்டுரையில் இந்த இடத்தைத் தனியாக எடுத்துப் பாராட்டினார். காதுக்கு ஒன்று, கண்ணுக்கு வேறொன்று. இரண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று இந்தப் படத்துக்குள் இரண்டு பேர் இரண்டு வழியில் கண்டுபிடித்திருக்கிறார்கள், ஒருவர் ஜன்னலோரக் காட்சியில், இன்னொருவர் சம்பளப் பட்டியலில்.

திரும்ப எடுத்த நாள்

வேலை நடக்கும் முறை இதுதான். முன்பு பதிவான பாட்டை ஒலிபெருக்கியில் அரங்கம் முழுக்கக் கேட்கும்படி விடுகிறார்கள். ஆடுகிறவர்கள் அந்த எண்ணிக்கைக்கு ஆடுகிறார்கள். மைக் அணைந்திருக்கிறது. கேமராவில் பதிவாவது படம் மட்டும். அப்புறம் தொகுப்பு மேஜையில் பழைய ஒலியையும் புதிய படத்தையும் சேர்த்துவிடுகிறார்கள்.

இது சாத்தியமானதற்கு ஒரு சின்ன, ஆனால் அடிப்படையான காரணம் உண்டு. மௌனப்படத்தில் கேமராவைக் கையால் சுற்றுவார்கள், வேகம் ஆளுக்கு ஆள் மாறும். பேசும்படம் வந்ததும் மோட்டார் வந்தது, விநாடிக்கு 24 சட்டகம், அதாவது நிமிஷத்துக்கு 90 அடி என்று வேகம் நிலைத்தது. ஒலி ஓடும் இயந்திரமும் கேமராவும் ஒரே சீரான வேகத்தில் ஓடினால்தான் இன்று எடுக்கும் படமும் போன வாரம் பதிவான பாட்டும் கடைசி அடிவரை ஒட்டிப் போகும். ஒலிக்காகவே கொண்டுவந்த கட்டுப்பாடு அது, ஒலியையும் படத்தையும் பிரிக்கவும் அதுவே உதவியது.

பாட்டைத் தேர்ந்தெடுத்ததிலும் ஓர் அதிர்ஷ்டம் இருந்தது. அது முழுக்க முழுக்க ஆட்டத்துக்கான பாட்டு. ஓர் ஆண்குரல் பாடுகிறது, மேடையில் பொம்மைகளாக ஆடுகிறவர்கள் அதற்கு வாயசைக்கத் தேவையில்லை. காலடி தாளத்தில் விழுந்தால் போதும். காதல் பாட்டில் இதை முதலில் முயன்றிருந்தால் உதடு பொருந்தவில்லை, எடுபடாது என்று யோசனையையே குப்பையில் போட்டிருக்கக் கூடும். வாயசைப்பு என்ற தனிக் கலையே பின்னால் வந்த சமாச்சாரம். அதற்குப் பாட்டைப் பத்து முறை கேட்டுப் பழகி, மூச்சு வாங்கும் இடம்கூடப் பிசகாமல் தொண்டை நரம்பு புடைக்க நடிக்க வேண்டும்.

மைக் அணைந்த அந்த நேரத்தில் அரங்கத்துக்குள் என்னவெல்லாம் திரும்பி வர வழி பிறந்தது என்று யோசித்துப் பாருங்கள். கேமரா பெட்டியை விட்டு வெளியே வரலாம். ஆர்க் விளக்கை மறுபடி ஏற்றலாம். இயக்குநர் ‘இடது பக்கம், இன்னும் இடது பக்கம்’ என்று கத்தலாம். ஒரு பாட்டைத் துண்டு துண்டாக எடுக்கலாம், மூன்றாவது நிமிஷத்தில் இடறினால் அந்த ஒரு துண்டை மட்டும் மறுபடி எடுக்கலாம். சுருக்கமாகச் சொன்னால் மௌனப்படம் எடுத்த முறை அப்படியே திரும்பியது. அந்தக் காலத்துப் படப்பிடிப்பில் நடிகர்களுக்கு உணர்ச்சி வரவேண்டும் என்று வயலின், ஆர்கன் வாசிப்பவர்களை செட்டிலேயே உட்கார வைத்திருப்பார்கள். ஷியரரின் ஒலிபெருக்கி அந்த வயலின்காரரின் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

விலை கொடுத்தவரும் அந்த வாத்தியக்காரர்தான். முதல் நாள் வாசித்தார், இரண்டாம் நாள் அவர் தேவைப்படவில்லை. தியேட்டர்களில் இதைவிடப் பெரிய அளவில் நடந்துகொண்டிருந்தது. மௌனப்படத்துக்கு நேரடியாக வாசித்து வந்த குழுக்கள் ஊர் ஊராகக் கலைக்கப்பட்டன. அமெரிக்க வாத்தியக் கலைஞர் சங்கம் ‘டப்பாவில் அடைத்த சங்கீதம்’ என்று கேலி செய்து, வாத்தியம் வாசிக்கும் இயந்திர மனிதனின் படத்தைப் போட்டுப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தது. பலிக்கவில்லை.

வசூல்

படம் 1929 பிப்ரவரி 1 அன்று ஹாலிவுட்டில் கிராமன்ஸ் சைனீஸ் தியேட்டரில் வெளியானது. ‘எல்லாமே பேச்சு, எல்லாமே பாட்டு, எல்லாமே ஆட்டம்’ என்பது விளம்பர வாசகம். ஒலிக்கருவி இல்லாத தியேட்டர்களுக்காக மௌனப் பதிப்பும் போனது. பாட்டுப் படத்தைப் பாட்டில்லாமல் பார்த்தவர்கள் பாவம்தான். செலவு சுமார் 3,79,000 டாலர். உலகம் முழுக்க வசூல் 40 லட்சம் டாலருக்கு மேல். 1930 ஏப்ரல் 3 அன்று நடந்த இரண்டாவது ஆஸ்கர் விழாவில் சிறந்த படம். பேசும்படம் ஒன்று அந்த விருதை வாங்கியது அதுதான் முதல் தடவை. இயக்குநர், நடிகை பிரிவுகளிலும் போட்டியில் இருந்தது, ஆனால் கைக்கு வந்தது அந்த ஒன்றே ஒன்று.

அது நியாயமான விருதா என்றால், அந்த ஆண்டின் நல்ல படம் என்று நான் சொல்ல மாட்டேன். கிங் விடோர் அதே எம்.ஜி.எம்.முக்காக எடுத்த ‘ஹல்லேலூயா’ எவ்வளவோ மேல். அவரும் ஒலியையும் படத்தையும் பிரித்தவர்தான். வெளிப்புறக் காட்சிகளை மௌனமாக எடுத்துவந்து பிறகு ஒலி சேர்த்தார். ஆனால் அவர் பட்ட பாடு எதிர்த்திசையில், படத்துக்கு ஒலியைப் பொருத்தும் பாடு. ஷியரரின் வழி ஒலிக்குப் படத்தைப் பொருத்துவது. பாட்டுப் படங்களுக்கு நிலைத்தது ஷியரரின் வழிதான்.

கையில் இருந்தும் நாலு வருஷம்

இங்கேதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த முரண்பாடு வருகிறது. கேமராவின் கட்டு அவிழ்ந்ததே, அது ஓடியதா? இல்லை. திரும்ப எடுத்த அந்தப் பொம்மைக் கல்யாணத்தையே இன்று பார்த்தால், இப்போதும் பெரும்பாலும் மேடைக்கு நேர் எதிரே நின்று முழு மேடையையும் காட்டும் படமாகத்தான் இருக்கிறது. எந்தக் குறைக்காகத் திரும்ப எடுத்தார்களோ அந்தக் குறையில் பாதி அப்படியே இருக்கிறது. இந்தக் காட்சியை வண்ணத்தில் எடுத்த டெக்னிகலர் கேமராவின் கனமும் அது கேட்கும் வெளிச்சமும் ஒரு காரணம். ஆனால் கருவி மாறிய வேகத்தில் கண் மாறவில்லை என்பதுதான் பெரிய காரணம். ஆட்டம் என்றால் மேடை, மேடை என்றால் எதிரே நாற்காலி என்ற பழக்கம் போகவில்லை.

அதற்குள் மற்ற ஸ்டூடியோக்கள் பாட்டுப் படங்களாக எடுத்துத் தள்ளின. 1929இலும் 1930இலும் வாரம் தவறாமல் ஏதாவது ஒரு நாட்டியக் கூட்டம் திரையில் காலைத் தூக்கியது. ஆளுக்கு ஒரு பாட்டு, ஒரு ஜோக் என்று கதையே இல்லாமல் நட்சத்திரங்களை வரிசையில் நிறுத்திய படங்கள் வேறு. யுனிவர்சல் பெரும்பணம் கொட்டிய ‘கிங் ஆஃப் ஜாஸ்’ கையைச் சுட்டது. எம்.ஜி.எம். ‘தி மார்ச் ஆஃப் டைம்’ என்ற படத்தைப் பாதியில் கைவிட்டது. ஜனங்களுக்குத் திகட்டிவிட்டது. ‘இது பாட்டுப் படம் அல்ல’ என்று தியேட்டர்காரர்கள் விளம்பரம் செய்யும் நிலை வந்தது. எடுத்துமுடித்த படங்களிலிருந்து பாட்டுகளை வெட்டியெறிந்து வெளியிட்டார்கள்.

1933இல் வார்னர் பிரதர்ஸின் ‘42ஆம் தெரு’ வந்த பிறகுதான் நிலைமை திரும்பியது. அதன் நடனங்களை அமைத்த பஸ்பி பெர்க்லி மேடையில் பழகியவர்தான், ஆனால் கேமராவுக்கு நாற்காலி தேவையில்லை என்று புரிந்துகொண்டவர். பல கேமராக்கள் வேண்டாம், ஒன்று போதும் என்றார். அதை அரங்கத்தின் கூரைக்குத் தூக்கிக்கொண்டு போனார். மேலிருந்து பார்த்தால் ஆடுகிற பெண்கள் பூவாக விரிந்து சுருங்குவார்கள். அந்தக் காட்சி எந்த நாடகக் கொட்டகையிலும் எந்த விலை டிக்கெட்டுக்கும் கிடைக்காது. பாட்டை முன்பே பதிவு செய்து, படத்தைத் துண்டு துண்டாக எடுத்தால்தான் அது நடக்கும். ஷியரரின் சிக்கனத்துக்கு முழு அர்த்தம் கொடுத்தவர் இவர்.

குரல் யாருடையது

முறை நிலைத்த பிறகு இன்னொரு கதவும் திறந்தது. பாட்டு முன்பே பதிவாகிறது என்றால், பாடுகிறவரும் வாயசைப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது? ஹாலிவுட் இதைச் செய்தது, ஆனால் வெளியே சொல்லக் கூச்சப்பட்டது. ‘பிராட்வே மெலடி’க்குப் பாட்டு எழுதிய ஆர்தர் ஃப்ரீட் பிற்பாடு தயாரிப்பாளராகி, 1952இல் தன் பழைய பாட்டுகளை வைத்தே ‘சிங்கிங் இன் தி ரெயின்’ எடுத்தார். குரல் நன்றாக இல்லாத நடிகைக்கு டெபி ரெனால்ட்ஸ் திரைக்குப் பின்னால் நின்று பாடுவது கதையின் முடிச்சு. உண்மையில் ‘வுட் யூ’ பாட்டில் ரெனால்ட்ஸுக்கே குரல் கொடுத்தவர் பெட்டி நாய்ஸ் என்ற பாடகி. திரையில் அவர் பெயர் வரவில்லை.

நம் பக்கம் அந்தக் கூச்சம் இல்லை. ‘பிளேபேக்’ என்ற சொல்லையே பாருங்கள். ஹாலிவுட்டில் அதற்கு ‘திரும்பப் போடுவது’ என்றுதான் பொருள், இயந்திரம் செய்யும் வேலை. அதே சொல் இங்கே வந்ததும் ‘பின்னணி’ ஆயிற்று, பின்னால் நின்று பாடும் ஆளைக் குறித்தது. தமிழில் இதன் தொடக்கம் என்று வழக்கமாகச் சொல்லப்படுவது ஏ.வி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’. 1938இல் வந்த அந்தப் படத்தில் திரையில் தோன்றிய நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார். அதுவரை பாடத் தெரிந்தவர்தான் இங்கே கதாநாயகன், கதாநாயகி. அப்புறம் பாடகர்களே தனி நட்சத்திரங்கள் ஆனார்கள், போஸ்டரிலும் பெயர் ஏறியது.

அந்த முதல் ரீடேக்குக்குத் திரும்பி வருகிறேன். பொம்மைக் கல்யாணக் காட்சி டெக்னிகலரின் பழைய இருவண்ண முறையில் திரைக்கு வந்தது. சிவப்பும் பச்சையும் கலந்த அந்த வண்ணப் பிரதி இன்று எங்கும் இல்லை, கறுப்பு வெள்ளைப் பிரதிதான் மிஞ்சியிருக்கிறது. எந்தப் படத்துக்காக ஆட்களை மறுபடி வரவழைத்தார்களோ, அந்தப் படம் பாதி போய்விட்டது. மறுபடி எடுக்கத் தேவையில்லை என்று ஷியரர் சொன்ன பாட்டு இன்னும் நன்றாகத்தான் கேட்கிறது.